மைதானம் யார் பெயரில் இருந்தது?

"எங்க காலத்துல இங்கதான் கிரிக்கெட் ஆடுவோம்" என்று பழைய படம் ஒன்றைப் போட்டு ஏங்குவது இப்போது தருமபுரிக்காரர்களிடமும் வந்துவிட்டது. நகரம் வளர்கிறது. சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய மானாவாரி நிலமெல்லாம் கல் நட்டு, கலர் கொடி கட்டி, ஏதோ ஒரு 'நகர்' ஆகிக்கொண்டிருக்கிறது. ஏக்கம் எங்களுக்கும் உண்டு தோழர்களே. ஆனால் எங்கள் கணக்கு வேறு.

நாங்கள் ஆடிய இடங்களைச் சொல்கிறோம். கேழ்வரகு அறுத்த கொல்லை. நிலக்கடலை பிடுங்கி முடித்த காடு. கோடையில் வற்றிப்போகும் ஏரியின் உள்பக்கம். புளியமரத்தடியில் கபடிக்குக் கோடு கிழித்த கொஞ்சம் மண். இதில் ஒரு சென்ட்கூட எங்கள் பெயரில் இல்லை. காட்டுக்காரர் உழவு ஓட்டும் நாள்வரைதான் ஆட்டம். "எறங்குங்கடா காட்ட விட்டு" என்று ஒரு குரல் வந்தால் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு நடந்துவிடுவோம். ஸ்டம்ப் என்றால் மூன்று புங்கங்குச்சி. அண்ணல் பிறந்தநாளுக்குக் கபடிப் போட்டி வைப்பதென்றாலும் முதலில் கொல்லைக்காரரிடம் போய் நிற்கவேண்டும்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்படி இல்லை. பள்ளிக்கூடத்து மைதானம் அவர்கள் தெருவில், கோயில் திடல் அவர்கள் தெருவில், நெல்லடிக்கும் களமும் அங்கேதான். நாங்கள் போனால் பந்து பொறுக்க இடம் கிடைக்கும். நன்றாகப் பந்து போடுகிறான் என்று தெரிந்தால் அணியில் சேர்ப்பார்கள். தண்ணீர் மட்டும் தனி.

இது எங்கள் காலனியின் கதை மட்டுமல்ல. பல்வங்கர் பாலுவைப் படியுங்கள். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர், அவர்களுக்கு வலையில் பந்து போட்டுப் போட்டே பெரிய சுழற்பந்து வீச்சாளர் ஆனார். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். இந்துக்கள் அணி அவரை ஆட எடுத்துக்கொண்டது, ஆனால் தேநீரை வெளியே தனிக் குவளையில் கொடுத்தது. கேப்டன் பதவி கடைசிவரை அவருக்கு வரவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் வந்தது. பாலுவின் திறமையைப் பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: மைதானத்துக்குள் அவர் கால் வைக்க முடிந்ததே அதைப் பெருக்கி உருட்டும் வேலைக்காகத்தான்.

சரி, காலனிகளில் ஏன் மைதானம் இல்லை? ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு நிலம் எடுக்க 1978இல் தனிச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், அதனால்தான் பலர் தலைக்கு மேல் கூரை இருக்கிறது. ஆனால் எடுத்த நிலத்தை வீட்டுமனையாகத்தான் பார்த்தார்கள். இரண்டு சென்ட், மூன்று சென்ட், நடுவில் ஒரு தெரு, முடிந்தது. மகனுக்குக் கல்யாணம் ஆனால் அதே மூன்று சென்ட்டில் இன்னொரு அறை. ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி, அங்கன்வாடி. அதைக் குறை சொல்ல மாட்டோம். வேறு எங்கே கட்டுவது?

இப்போது சாலைக்கு எதிர்ப்பக்கம் பாருங்கள். பெரிய மனைப்பிரிவு போட்டால் 10 சதவீதம் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித்தர வேண்டும் என்பது விதி. அப்படி வந்த இடம் மனை வாங்கியவர்களின் சொத்தல்ல, பொதுச்சொத்து. ஆனால் எங்கள் பையன்கள் மட்டையோடு போனால் "நீங்க எந்தத் தெரு?" என்று ஒரு கேள்வி வருகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம், சாலையோடு பொது மக்கள் கூடும் இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைச் சட்டத் திருத்தம், ஊர்ப் பொதுச்சொத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. கேள்வி கேட்பவருக்கு இதைச் சொல்லுங்கள். குரலை உயர்த்தாமல் சொன்னாலே போதும்.

அமெரிக்காவில் பேஸ்பால் பெரிய லீக்கின் நிறத்தடையை ஜாக்கி ராபின்சன் 1947இல் புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டில் உடைத்தார். 1960இல் அந்த மைதானத்தை இடித்து அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினார்கள். பந்து விளையாடக் கூடாது என்று அங்கே பலகையும் வைத்தார்கள். அவ்வளவு பெயர்பெற்ற இடத்துக்கே அந்தக் கதி. பெயரே இல்லாத எங்கள் புளியமரத்தடி எந்த மூலை?

இந்த நினைவுகளில் எங்கள் அக்கா தங்கைகள் இல்லை. நாங்கள் ஆடும்போது அவர்கள் குடத்தோடு ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். இனி கேட்கும் மைதானம் அவர்களுக்கும் சேர்த்துத்தான், மாலை வெளிச்சத்துக்கு விளக்கோடு.

2024இல் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் வந்தது. 12,525 ஊராட்சிகளுக்கும் கிரிக்கெட் மட்டை, கைப்பந்து, வலை என்று மூட்டை மூட்டையாய். வரவேற்கிறோம். அந்த வலையை எங்கே கட்டுவது, மூட்டை யார் வீட்டில் இருக்கிறது என்பதை உங்கள் ஊராட்சியில் விசாரியுங்கள். 2012 நவம்பர் 7இல் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி எரிந்த மாவட்டம் இது. ஊர்ப் பையனும் காலனிப் பையனும் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரே அணியில் நிற்க ஓர் இடம் என்பது இங்கே சின்னக் கோரிக்கை அல்ல.

மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பாருங்கள். மேய்ச்சல், களம், மந்தைவெளி என்று எழுதிய புறம்போக்கு எவ்வளவு, இன்று அதில் யார் இருக்கிறார்கள் என்று நடந்து போய்ப் பாருங்கள். சுற்றியுள்ள மனைப்பிரிவுகளின் அங்கீகார வரைபடத்தையும் தானப் பத்திரத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பிறகு ஆகஸ்ட் 15 கிராம சபைக்குக் கூட்டமாகப் போங்கள். 'மைதானம் வேண்டும்' என்று மட்டும் எழுதினால் தீர்மானம் நோட்டிலேயே கிடக்கும். புல எண், பரப்பு இரண்டையும் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள்.