வீட்டுக் குழாய் உறைந்தால் ஊர்த் தொட்டி ஏன் வற்றுகிறது?

2021 பிப்ரவரி நடுவில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் கடுங்குளிரில் விறைத்துக் கிடந்தது. 17ஆம் தேதி ஹூஸ்டன் நகர நிர்வாகம் மக்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தது. குழாய் வெடிக்காமல் இருப்பதற்காகத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள். நகரின் நீரழுத்தம் மிகவும் குறைந்துவிட்டது. மருத்துவமனைகளுக்கும் தீயணைப்புக்கும் தண்ணீர் வேண்டும் என்பது அதன் சாரம்.

கேட்டவர்கள் குழம்பியிருந்தால் வியப்பில்லை. குளிர் அலை வரும்போது குழாயை லேசாகத் திறந்து சொட்டவிட வேண்டும் என்பதுதான் அந்நாட்டில் காலங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை. அந்த அறிவுரையும் சரி, நகரத்தின் வேண்டுகோளும் சரி. ஒன்று வீட்டை மனத்தில் வைத்துச் சொன்னது, மற்றது ஊரை மனத்தில் வைத்துச் சொன்னது. இரண்டும் எங்கே மோதுகின்றன என்று பார்க்க, முதலில் ஒரு குழாய்க்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தண்ணீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. இதனால் பனிக்கட்டி உருவான இடத்திலேயே அது குழாயைப் பிளந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. குழாயின் குளிர்ந்த ஓரிடத்தில் பனிக்கட்டி உருவாகிக் குறுக்கே அடைத்துக்கொள்கிறது. இதைப் பனியடைப்பு என்று வைத்துக்கொள்வோம். அடைப்பு வளர வளர இருபுறமும் தண்ணீரைத் தள்ளுகிறது. தெருப் பக்கம் தள்ளப்படும் தண்ணீருக்குப் பிரச்சினை இல்லை. அது வந்த வழியே பின்வாங்கிவிடும். மறுபுறம் மூடிய குழாய்முனை இருக்கிறது. இடையில் சிக்கிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. தண்ணீரை அமுக்கிச் சுருக்கவும் முடியாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், அந்தப் பகுதியில் எது பலவீனமோ அது பிளக்கிறது. அது பனிக்கட்டியிலிருந்து பல அடி தள்ளி, வெதுவெதுப்பான அறைக்குள்ளேகூட இருக்கலாம்.

சொட்டவிடும் அறிவுரைக்கு அடிப்படை இதுதான். ஓடும் தண்ணீர், நிலத்தடிக் குழாயிலிருந்து சற்று வெப்பமான நீரை வீட்டுக்குள் இழுத்து வருகிறது. அதைவிட முக்கியம், முனை திறந்திருப்பதால் அழுத்தம் வெளியேற வழி கிடைக்கிறது. குழாய் உறைந்தாலும் வெடிக்காமல் தப்புவதற்கு வாய்ப்பு அதிகம்.

வெளியே பூச்சியம் டிகிரி ஆனவுடன் குழாய் உறைந்துவிடாது. காப்புறை இல்லாத குழாய்களை வைத்து 1990களில் இல்லினாய் பல்கலைக்கழகக் கட்டட ஆய்வாளர்கள் சோதனை செய்தார்கள். வெளி வெப்பநிலை மைனஸ் 7 டிகிரி செல்சியசை நெருங்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது என்று அவர்கள் கணித்தார்கள். காற்று புகும் விரிசல் குழாயருகே இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அசையாத குளிரைக் காட்டிலும் வீசும் குளிர்காற்று குழாயின் வெப்பத்தை வேகமாகப் பறிக்கும்.

இனி வீடு. கனடாவை ஒட்டிய மின்னசோட்டா மாநிலத்தில் மைனஸ் 25 டிகிரியிலும் பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் வருகிறது. டெக்சாசில் மைனஸ் 10, 15க்கே குழாய்கள் வெடித்தன. வேறுபாடு குழாய் போகும் பாதையில் இருக்கிறது. வடக்கே குழாய்கள் நிலவறை வழியாகவும் உட்சுவர்கள் வழியாகவும் போகின்றன. டெக்சாசின் வீடுகள் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை, நிலவறை அரிது. பல வீடுகளில் குழாய் கூரைக்கடியிலுள்ள பரணிலோ வெளிச்சுவருக்குள்ளோ ஓடுகிறது. தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பகுதிகளில் அந்த வாரம் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிய வீடுகள் ஏராளம்.

ஆகவே குளிர்கால ஆயத்தம் என்பது, முதலில் வீட்டில் குழாய் எந்த வழியே போகிறது என்று தேடிப் பார்ப்பது. பரண், கார் கொட்டகை, தரைக்கடியில் உள்ள இடைவெளி, வெளிச்சுவரை ஒட்டிய சமையலறைத் தொட்டி ஆகியவை வழக்கமான பலவீன இடங்கள். அங்கே நுரைக் காப்புறையைப் போர்த்துகிறார்கள். காப்புறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இருக்கும் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஒரு வாரம் நீடிக்கும் குளிருக்கு அது மட்டும் போதாது. அங்கே மின்சாரத்தில் சூடேறும் வெப்பநாடாவைக் குழாயோடு சேர்த்துக் கட்டுவார்கள். மின்சாரம் போனால் நாடாவும் போய்விடும் என்பதை டெக்சாஸ் கண்டது.

தோட்டக் குழாயில் மாட்டிய ரப்பர் பைப்பைக் கழற்றாமல் விடுவது சிறிய கவனக்குறைவு போலத் தோன்றும். ஆனால் அதில் தேங்கும் தண்ணீர் உறைந்து, சுவருக்குள் இருக்கும் குழாய் வரை பாதிப்பைக் கொண்டுபோகும். இலையுதிர்காலத்தில் செய்யும் முதல் வேலை அதைக் கழற்றுவதுதான்.

குளிர்காலம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு முறை வேறு. மெயின் வால்வை மூடுகிறார்கள். வெந்நீர்க் கொதிகலனின் எரிவாயுவை அல்லது மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். இதைச் செய்யாமல் கொதிகலனைக் காலி செய்தால் அது எரிந்துபோகும். பிறகு எல்லாக் குழாய்களையும் திறந்து தண்ணீரை வடித்து, மிச்சத்தைக் காற்றழுத்தியால் ஊதி வெளியேற்றுகிறார்கள். கழிவுக் குழாயின் வளைவில் மட்டும் தண்ணீர் நின்றுவிடும். அதில் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற உறைதடுப்புத் திரவத்தை ஊற்றுகிறார்கள். காரில் ஊற்றும் திரவம் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், அது நஞ்சு. வீட்டுக் குழாய்களுக்கு அது ஆகாது.

இதுவரை சொன்னது ஒரு வீட்டின் கதை. அந்த வீடு தனியாக இல்லை.

அமெரிக்கச் சட்டத்தில் சமூக நீர் அமைப்பு என்று ஒரு வகை உண்டு. ஆண்டு முழுவதும் குடியிருப்போர் பயன்படுத்தும் 15 இணைப்புகளாவது, அல்லது அப்படிக் குடியிருக்கும் 25 பேராவது இருந்தால் அது இந்த வகை. நாடு முழுவதும் சுமார் 50,000 இருக்கின்றன. பெரும்பாலானவை சிறியவை, ஒரு கிணறு, ஒரு பம்ப் அறை, ஒரு தொட்டி, சில கிலோமீட்டர் குழாய். நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியைத் தெருக்களுக்கு நீட்டியது போல என்று நினைத்துக்கொள்ளலாம். யார் வீட்டில் குழாயைத் திறந்து வைத்தாலும் எல்லோருக்கும் மட்டம் இறங்கும்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 வீடுகள், 250 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 300 லிட்டர் என்றால் வழக்கமான தேவை 75,000 லிட்டர். குளிர் அலையின்போது நாள் முழுவதும் வீட்டுக்கு ஒரு குழாயை நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் மெல்லிய தாரையாக விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு 720 லிட்டர், ஊருக்கு 72,000 லிட்டர். தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. இப்போது ஆளில்லாத மூன்று வீடுகளில் குழாய் வெடித்து, நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் கொட்டுகிறது என்று சேர்த்துக்கொள்வோம். அந்த மூன்று வீடுகள் மட்டுமே ஒரு நாளில் 86,400 லிட்டரைக் குடித்துவிடும். நூறு வீடுகள் சொட்டவிட்டதைவிட அது அதிகம். பூட்டிய வீட்டில் மூடாத மெயின் வால்வு எவ்வளவு பெரிய ஓட்டை என்பது இதில் தெரியும்.

தொட்டி மட்டம் இறங்கினால் குளிக்கத் தண்ணீர் இல்லை என்பதோடு விஷயம் முடிவதில்லை. மண்ணுக்கடியில் உள்ள குழாய்களில் நுண்ணிய கசிவுகள் எப்போதும் உண்டு. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் வெளியே கசியும். வெளியே இருப்பது உள்ளே வராது. அழுத்தம் விழுந்தால் திசை மாறலாம். மண்ணிலுள்ள அழுக்குநீர் உள்ளே புகலாம். அதனால் டெக்சாசில் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டுக்குக் கீழே போனால் கொதிநீர் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதாவது, குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கச் சொல்லும் அறிவிப்பு. 20 பவுண்டு என்பது சுமார் 14 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்.

2021இல் இந்தச் சங்கிலி முழுவதுமே ஓடியது. மின்நிலையங்களும் எரிவாயு வழங்கலும் குளிரில் முடங்கின. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் நிறுவனங்களும் மின்சாரம் இழந்தன. வீடுகள் குளிர்ந்தன, குழாய்கள் உறைந்தன. ஒருபுறம் சொட்டும் குழாய்கள், மறுபுறம் வெடித்த குழாய்கள், நடுவில் மின்சாரமில்லாத பம்புகள். தொட்டிகள் வற்றின. ஆஸ்டின் நகரம் முழுவதற்கும் 17ஆம் தேதி கொதிநீர் அறிவிப்பு வந்தது. 23ஆம் தேதிதான் அதை விலக்கினார்கள். மாநிலத்தின் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப்பேர் ஏதோ ஒரு நாளில் இப்படிப்பட்ட அறிவிப்பின் கீழ் இருந்தார்கள். கொதிக்க வைக்கச் சொன்னபோது அடுப்புக்கு மின்சாரம் இல்லாத வீடுகளும் இருந்தன.

பொது அமைப்பைக் குளிருக்குத் தயார் செய்வதில் முதல் கணக்கு உறைபனி ஆழம். நிலம் மேலிருந்து எவ்வளவு ஆழம் வரை உறைகிறதோ அதுதான் உறைபனி ஆழம். குழாய் அதற்குக் கீழே இருக்க வேண்டும். டெக்சாசில் ஓரிரு அடி போதும் என்று இருப்பார்கள்; மின்னசோட்டாவில் 2 மீட்டருக்கும் கீழே புதைக்கிறார்கள். ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குளிர் மண்ணுக்குள் மெதுவாக இறங்குகிறது. காற்று இதமாகத் தொடங்கிய பிறகும் நிலத்தடியில் உறைபனி கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். கனடாவின் வினிப்பெக் நகரில் 2014இல் இதுதான் நடந்தது. குளிர்காலத்தின் கடைசியில் வீட்டு இணைப்புகள் அடுத்தடுத்து உறைந்தன. உறையக்கூடிய இணைப்புள்ள ஆயிரக்கணக்கான வீடுகளில் இரவும் பகலும் ஒரு குழாயை ஓடவிடச் சொன்னது நகரமே. கூடுதல் தண்ணீருக்குக் கட்டணம் ஏறாதபடி பில்லையும் சரிசெய்து கொடுத்தது. ஹூஸ்டனில் வேண்டாம் என்ற அதே செயல் இங்கே வேண்டும் என்றானது, ஏனென்றால் வினிப்பெக்கின் பம்புகளுக்கு மின்சாரம் இருந்தது, தொட்டியில் தண்ணீர் இருந்தது.

தொட்டிக்கும் தனிக் கவனிப்பு வேண்டும். நீர் அசையாமல் நின்றால் மேற்பரப்பில் பனித்தட்டு உருவாகும். மட்டம் இறங்கும்போது அது உடைந்து விழுந்து உள்ளிருக்கும் ஏணியையும் பூச்சையும் சிதைக்கும். ஆகவே குளிர்காலத்தில் தொட்டியை அடிக்கடி இறக்கி ஏற்றுகிறார்கள். புது நீர் பழைய நீரைவிட வெப்பமானது. இதைவிட ஆபத்தானது தொட்டியின் காற்றுத்துளை. அதன் வலையில் உறைபனி அடைத்துக்கொண்டால், தண்ணீர் இறங்கும்போது உள்ளே காற்று புக முடியாது. வெற்றிடம் உண்டாகி, இரும்புக் கூரையே உள்வாங்கி நசுங்கலாம். தெருவோரத் தீயணைப்பு நீர்முனைகளின் வால்வைக் குளிர்நாடுகளில் உறைபனி ஆழத்துக்குக் கீழே வைக்கிறார்கள். பயன்படுத்தி முடித்ததும் மேலே நிற்கும் நீர் தானே வடிந்துவிடும். வடிகிறதா என்று பனிக்காலத்துக்கு முன் ஒருமுறை பார்ப்பதுதான் வேலை. பம்ப் அறைக்கு ஒரு சூடேற்றி, அதற்கும் பம்புக்கும் சேர்த்து ஒரு ஜெனரேட்டர், கடுங்குளிரில் கெட்டியாகிப் போகாத டீசல். இவை பட்டியலின் மிச்சம்.

சிறிய அமைப்புகளுக்குச் செலவில்லாத ஒரு கருவி உண்டு. அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே ஊரே தூங்குகிறது. அப்போது முதன்மை மீட்டர் காட்டும் ஓட்டத்தில் பெரும்பகுதி கசிவுதான். இதை இரவுக் குறைந்தபட்ச ஓட்டம் என்பார்கள். இலையுதிர்காலத்தில் இந்த எண்ணைக் குறித்து வைத்தவருக்கு, குளிர் அலையின் நடுவில் எங்கோ குழாய் போய்விட்டது என்பது விடிவதற்குள் தெரிந்துவிடும். குறித்து வைக்காதவர் தொட்டி வற்றிய பிறகு தெரிந்துகொள்வார்.

டெக்சாஸ் சட்டமன்றம் 2021இல் நிறைவேற்றிய மூன்றாம் எண் செனட் மசோதா, நீர் வழங்கும் நிறுவனங்கள் அவசரகாலத் திட்டம் தர வேண்டும் என்றது. மின்தடை 24 மணி நேரத்தைத் தாண்டினாலும், பாதுகாப்பாகச் செய்ய முடிந்த விரைவில் 20 பவுண்டு அழுத்தத்தைத் தர வேண்டும் என்பது அதன் மையம். நல்ல விதி. ஆனால் அது பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் ஆன விதி. நூறு வீட்டுக் கணக்கில் தொட்டியைக் காலி செய்தவை பம்புகள் அல்ல. சொட்டவிடுவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு வீடும் தனியே முடிவு செய்யாமல், அமைப்பை நடத்துபவர் தொட்டி மட்டத்தைப் பார்த்துச் சொல்வதும், எல்லோரும் கேட்பதும் என்று குளிருக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றுகிறது. ஊருக்குப் போகும் வீட்டுக்காரர் மெயின் வால்வை மூடிவிட்டு, ஒரு சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் போவதும் அப்படியே.

குளிர்நாட்டில் வாழும் வாசகர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டு மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று தேடி, இறுகிப்போகாமல் திரும்புகிறதா என்று இந்த வாரமே ஒருமுறை திருகிப் பாருங்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும் அதைக் காட்டியும் வையுங்கள்.