அரண்மனையில் சிரித்தவர்கள்

கலித்தொகையின் 94ஆம் பாடலைப் பதினைந்து ஆண்டுகளாக முதுகலை வகுப்பில் நடத்தி வருகிறேன். அரண்மனையில் பணிபுரியும் கூனி ஒருத்திக்கும் குறளன் ஒருவனுக்கும் இடையே நிகழும் உரையாடல் அது. மதிய வகுப்பின் தூக்கக் கலக்கத்தைப் போக்க மருதக்கலியில் இதைவிட நல்ல பாடல் இல்லை என்று எண்ணியிருந்தேன். முதுகை வளைத்து, குரலை மாற்றி, நடித்தே காட்டுவேன். வகுப்பு சிரிக்கும். சுவையாகப் பாடம் நடத்துபவர் என்று எனக்குக் கிடைத்த பெயரில் அந்தச் சிரிப்புக்கும் பங்குண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படிச் சிரித்த வகுப்பில் மிகக் குள்ளமான மாணவி ஒருவர் இருந்தார். பாடல்களைச் சீர் பிரித்து வாசிப்பதில் அவருக்கு இணையாக அங்கே எவரும் இல்லை. அடுத்த வாரம் கருத்தரங்கக் கட்டுரை வாசிக்க வேண்டிய முறை அவருடையது. வகுப்புக்கு வராமல் என் அறைக்கு வந்து, கட்டுரையை மேசைமேல் வைத்தார். "ஐயா, முன்னால் வந்து நிற்க மட்டும் சொல்லாதீர்கள்" என்றார். எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்: "யாரும் உன்னையே பார்த்துக்கொண்டிருக்கவில்லையம்மா. தாழ்வு மனப்பான்மையை விட்டுவிடு." அவர் தலைநிமிராமல் பதில் சொன்னார்: "பார்த்தார்கள் ஐயா. அன்றைக்கு நீங்கள் நடித்துக் காட்டியபோது எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்."

'யாரும் பார்ப்பதில்லை' என்னும் ஆறுதலுக்கு ஆய்வுச் சான்று உண்டு. கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு அது. கூச்சம் தரும் படம் பொறித்த பனியனை மாணவர்களுக்கு அணிவித்துப் பிறர் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் சுமார் கால்வாசிப்பேர். நம் அச்சம் நிகழ்வதைவிடப் பெரிது என்பது மெய்தான். ஆனால் பனியனைக் கழற்றி வைத்துவிடலாம். உடம்பை எங்கே கழற்றி வைப்பது?

1980இல் அமெரிக்க உளநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் சமூக அச்சத்தைத் தனி நோயாகச் சேர்த்தது. அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. பலருக்குப் பயனும் தருகிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அஞ்சுகிறவரை மட்டும் மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, சிரித்தவர்கள் நலமாக இருப்பதாக எண்ணிக்கொள்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

அன்றிரவு பாடலை மீண்டும் படித்தேன். இத்தனை ஆண்டுகளாக அதன் பாதியை மட்டுமே நடத்தியிருக்கிறேன் என்று தெரிந்தது. இருவரும் ஒருவர் உடலை மற்றவர் இகழ்ந்து பேசுவது உண்மை. ஆனால் கூனி ஓரிடத்தில், கூனின் பிறப்பு குறளைவிட இழிந்ததா என்று திருப்பிக் கேட்கிறாள். குறளன் இறங்கி வருகிறான். இனி ஒருவரையொருவர் நகைக்க வேண்டாம் என்று அரசன் அடிமேல் ஆணையிடுகிறான். அவளும் மனம் இசைகிறாள். அதன்பின் அவர்களுக்கு இருப்பது ஒரே அச்சம்: இரண்டு பேய்கள் கூத்தாடுவதாகச் சொல்லி அரண்மனைக்குள் இருப்பவர்கள் சிரித்துவிடக் கூடாது. ஆகவே சோலைக்குப் போகிறார்கள். தங்களுக்குள் இருந்த ஏளனத்தை அவர்களால் தீர்த்துக்கொள்ள முடிந்தது. அரண்மனையின் கண்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. என் மாணவி வகுப்பறையை விட்டு என் அறைக்கு வந்ததும் அப்படித்தான்.

உருவத்தைக் கண்டு எள்ளக்கூடாது என்று வள்ளுவர் வினைத்திட்பத்தில் சொல்லி, பெருந்தேரின் அச்சாணியை உவமை காட்டுகிறார். நாங்கள் ஆண்டுதோறும் மேற்கோள் காட்டும் குறள் அது. ஆனால் அங்கே மதிப்பு பயனைச் சார்ந்து வருகிறது. சிறிய ஆணி தேரைத் தாங்குகிறது, ஆகவே இகழாதே. கலித்தொகையின் இருவர் எந்தத் தேரையும் தாங்கவில்லை. மதிக்கப்படுவதற்கு அவர்கள் தகுதி எதையும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. 'உருவத்தில் என்ன இருக்கிறது, திறமையைக் காட்டு' என்று அன்போடு அறிவுரை சொல்கிறவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். திறமை இல்லாதவரும் சிரிப்புக்கு ஆளாகாமல் நடமாட வேண்டும்.

அந்த மாணவி தம் கட்டுரையைக் கடைசிவரை வகுப்பில் வாசிக்கவில்லை. முழு மதிப்பெண் கொடுத்தேன். அது ஈடாகாது என்பது எனக்குத் தெரியும். பாடலை இப்போதும் நடத்துகிறேன், நாற்காலியில் உட்கார்ந்தபடி. இருவரும் சோலைக்குப் புறப்படும் இடத்தில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கிறேன்: அரண்மனையில் சிரித்தவர்கள் யார்? முதல் ஆண்டு அந்தக் கேள்விக்கு நானேதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.