மூச்சுக்குழாய்ப் பரிசோதனை: அச்சம் வேண்டாம், கவனம் வேண்டும்

நாள்பட்ட இருமல், சளியில் இரத்தம், எக்ஸ்ரே படத்தில் தென்படும் நிழல் ஆகியவற்றின் காரணத்தை அறிய, கேமரா பொருத்திய குழாயை மூச்சுப்பாதைக்குள் செலுத்திப் பார்ப்பதுண்டு. இதனைப் பிராங்கோஸ்கோபி என்பர்.

குழாய் உள்ளே சென்றால் மூச்சு நின்றுவிடுமோ என்பதே பலரின் அச்சம். முற்காலத்தில் விறைப்பான உலோகக் குழாயே பயன்பட்டது. ஜப்பானிய மருத்துவர் ஷிகேட்டோ இக்கேடா 1966-ஆம் ஆண்டில் வளையும் குழாயை அறிமுகப்படுத்தினார். இன்று பெரியவர்களுக்குப் பயன்படும் குழாய் பெரும்பாலும் பென்சிலைவிட மெல்லியது. அதனைச் சுற்றிக் காற்று சென்று வந்துகொண்டேயிருக்கும். மூக்கின் வழியே ஆக்சிஜன் அளிப்பர். விரலில் மாட்டிய கருவி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் தொண்டை மரத்துப்போக மருந்து தெளிப்பர், அது கசக்கும். அயர்வூட்டும் ஊசியும் போடுவதுண்டு. குழாய் குரல்வளையைக் கடக்கையில் இருமல் எழும், அது இயல்பே. அவ்வேளையில் பேச இயலாது, கையசைத்து உணர்த்தலாம். தேவையானால் சிறிது உப்புநீர் செலுத்தி உறிஞ்சியோ, துளியளவு தசை எடுத்தோ ஆய்வுக்கு அனுப்புவர்.

உண்மையில் கவனம் வேண்டுவது உணவில்தான். தொண்டை மரத்திருக்கும்போது வயிற்றிலிருந்து மேலெழும் உணவும், வாயில் இடும் உணவும் நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். எனவே பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு மணி நேரம் உணவு கூடாது, பாலும் உணவே. தண்ணீரையும் மருத்துவர் குறித்த நேரத்தோடு நிறுத்த வேண்டும். அன்று காலை ஆலயத்தில் பெறும் தீர்த்தத்துக்கும் பிரசாதத்துக்கும் இவ்விதி பொருந்தும். முடிந்தபின்னும் அன்பு மிகுதியால் உறவினர் உடனே பிரசாதம் ஊட்டலாகாது. மரப்பு நீங்க ஓரிரு மணி நேரம் ஆகலாம். செவிலியர் அனுமதித்த பின், முதலில் ஒரு மிடறு நீர் அருந்திப் பார்த்தே உண்ண வேண்டும்.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்வோரும், நீரிழிவு உள்ளோரும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம். அயர்வூட்டும் ஊசி போட்டிருந்தால் அன்று வாகனம் ஓட்டலாகாது. துணைக்கு ஒருவர் உடன் வரவேண்டும்.

தொண்டைவலி, குரல் கம்மல், சளியில் சிறிதளவு இரத்தம் ஆகியன ஓரிரு நாளில் அடங்கும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மிகுந்த இரத்தம், தணியாத காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனை செல்க.

விரதம் காத்துப் பழகிய இல்லங்களுக்குச் சில மணி நேரப் பட்டினி புதிதன்று. அன்று பிரசாதம் சற்றே காத்திருக்கட்டும். மரப்பு நீங்கியபின் மனநிறைவுடன் உண்ணலாம்.