தட்டு கொண்டு வரச் சொன்னால், வெறும் தட்டோடு போகாதீர்கள்!

ஆஸ்திரேலியாவில் பக்கத்து வீட்டுக்காரர் விருந்துக்கு அழைக்கிறார். போகிற போக்கில் "ப்ரிங் எ பிளேட்" என்கிறார். பாவம், அவர் வீட்டில் தட்டு போதவில்லை போலிருக்கிறது என்று நான்கு எவர்சில்வர் தட்டுகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனால், வாசலிலேயே அசடு வழிய வேண்டியதுதான். அங்கே 'பிளேட்' என்றால், தட்டு நிறையத் தின்பண்டம் என்று அர்த்தம். புதிதாகக் குடியேறியவர்கள் வெறும் தட்டோடு போய் நின்ற கதைகள் அங்கு ஏராளம்.

இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, ஐ.இ.எல்.டி.எஸ் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிப் போகிற பிள்ளைகளே முதல் சில வாரங்கள் திணறுவது இதனால்தான். நீளமான சொல்லைப் பாதியில் வெட்டி, ஒரு வாலை ஒட்டிவிடுவார்கள். ஆஃப்டர்நூன் 'ஆர்வோ' ஆகிவிடும். பெட்ரோல் பங்க் 'சர்வோ'. ஆம்புலன்ஸ் ஊழியர் 'ஆம்போ'. காலை டிபன் 'ப்ரெக்கி'. மெக்டொனால்ட்ஸை எல்லோரும் 'மாக்காஸ்' என்றே கூப்பிட, 2013-ல் அந்த நிறுவனமே சில கடைகளில் பெயர்ப்பலகையை அப்படி மாற்றி வைத்தது.

உச்சரிப்பு இன்னொரு வம்பு. 1964-ல் ஆங்கில எழுத்தாளர் மோனிகா டிக்கன்ஸ் சிட்னியில் தன் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். சார்லஸ் டிக்கன்ஸின் கொள்ளுப்பேத்தி அவர். ஒரு பெண்மணி புத்தகத்தை நீட்டி, "எம்மா சிஸிட்" என்றார். அதுதான் பெயர் என்று நினைத்து, 'எம்மா சிஸிட்டுக்கு' என எழுதிக் கொடுத்துவிட்டார் மோனிகா. அந்த அம்மா கேட்டதோ, "ஹவ் மச் இஸ் இட்?" டிக்கன்ஸ் வீட்டுப் பெண்ணுக்கே இந்தக் கதி என்றால் நம் பிள்ளைகள் எம்மாத்திரம்!

கடைக்குப் போனால் 'மான்செஸ்டர்' என்று ஒரு பகுதி இருக்கும். பெட்ஷீட், துண்டு எல்லாம் அங்கேதான். கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கிளப் வாசலில் 'நோ தாங்ஸ்' என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம்; ரப்பர் செருப்போடு உள்ளே வராதே என்கிறார்கள், அவ்வளவுதான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். வேலை பார்க்கும் இடத்தில் அப்படி இல்லை. உடம்பு சரியில்லை என்பதற்கு அங்கே 'க்ரூக்' என்பார்கள். மோசடிக்காரன் என்று நாம் படித்த அதே சொல்! 'சிக்கி' என்று இன்னொன்று இருக்கிறது. அது பெரும்பாலும் உடம்பு நன்றாக இருக்கும்போதே பொய் சொல்லிப் போடுகிற லீவு. பகுதி நேர வேலைக்குப் போகும் மாணவன் நிஜமாகவே காய்ச்சலில் சுருண்டு கிடக்கும்போது, மேனேஜருக்கு 'டேக்கிங் எ சிக்கி' என்று ஸ்டைலாக மெசேஜ் அனுப்பினால், 'பொய் லீவு போடுகிறேன்' என்று தானே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும். 'ஐ ஆம் சிக்' என்ற பள்ளிக்கூட ஆங்கிலமே பத்திரமானது.

'நாளைக்கு ஷிஃப்ட் இருக்கா?' என்று கேட்டால் 'யா... நா' என்று பதில் வரும். ஆமாவா, இல்லையா? கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'யா, நா' என்றால் பெரும்பாலும் இல்லை. 'நா, யா' என்றால் உண்டு. 'ஷீ வில் பி ரைட்' என்றால் எந்தப் பெண்ணைப் பற்றியும் பேசவில்லை; எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். ஆடுகிற ஏணியைக் காட்டி அப்படிச் சொன்னால் மட்டும், ஏறுவதற்கு முன் இன்னொரு முறை கேட்டுவிடுவது நல்லது.

முதுகு ஒடிகிற உழைப்புக்கு அங்கே 'ஹார்ட் யக்கா' என்று பெயர். இந்த 'யக்கா' ஆங்கிலமே இல்லை. பிரிஸ்பேன் பகுதியின் பூர்வகுடிகளான யகரா மக்களின் மொழியில் வேலையைக் குறிக்கும் சொல் அது. கப்பலேறி வந்த வெள்ளைக்காரர்கள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.