பகலில் பேசும் பலகை இரவில் ஊமையாவதா?

நள்ளிரவு நேரம். சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஆத்தூரை நெருங்குகிறது. எதிரே ஒரு பஸ் வருகிறது. லாரி டிரைவர் முறைப்படி தம் விளக்கைத் தாழ்த்துகிறார். சாலையோரத்தில் ஒரு பலகை. அதில் இருப்பது என்ன? அம்புக்குறி இடப்பக்கமா, வலப்பக்கமா? தெரியவில்லை. கறுப்பாக ஏதோ நின்றது, கடந்து போய்விட்டது. அவ்வளவுதான்!

அதே பலகையைக் காலை 10 மணிக்குப் போய்ப் பாருங்கள். எழுத்து தெளிவாக இருக்கும். "பலகை நன்றாகத்தானே இருக்கிறது?" என்று தோன்றும். தொல்லையே அங்கேதான் இருக்கிறது.

ஆத்தூரின் அனுபவம்

இந்தச் சாலையின் கதை சேலம் மாவட்டத்து மக்களுக்குத் தெரியும். இது நான்கு வழிச் சாலையாக அமைக்கப்பட்டபோது, வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட ஊர்களின் புறவழிச் சாலைகள் மட்டும் இரு வழியாகவே போடப்பட்டன. அகலமான சாலையில் வேகமாக வந்த வண்டி, திடீரென்று குறுகிய சாலைக்குள் நுழைந்தது. எதிர் வண்டிக்கும் அதற்கும் நடுவே தடுப்புச் சுவர் இல்லை. நேருக்கு நேர் மோதிப் பல குடும்பங்கள் பாழாயின. அகலப்படுத்தும் வேலை பிற்பாடுதான் எடுத்துக்கொள்ளப்பட்டது.

சாலை குறுகுகிறது என்று இரவில் டிரைவருக்கு எது சொல்லும்? பலகைதான் சொல்ல வேண்டும். அதுவும் ஊமையானால்?

தலைவாசல் மார்க்கெட்டுக்குக் காய்கறி வண்டிகள் இரவில்தான் ஓடுகின்றன. சவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர்களும் இதே பக்கம்தான் போகின்றன. இருட்டிலும் ஓயாத சாலை இது.

கண்ணாடி மணியின் வித்தை

சாதாரண வெள்ளைப் பெயிண்ட், தன்மேல் படும் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடித்துவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியோ, சாய்வாக வரும் வெளிச்சத்தை வேறு பக்கம் திருப்பிவிடும். சாலைப் பலகையின் தாள் அப்படி அல்ல. அதில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளோ, மிகச் சிறிய பட்டகங்களோ பதிந்திருக்கும். விளக்கிலிருந்து வந்த ஒளியை அவை வந்த வழியே திருப்பி அனுப்பும். விளக்குக்குச் சற்று மேலே இருக்கும் டிரைவரின் கண்ணுக்குப் பலகை பிரகாசிக்கிறது. இதற்கு மின்சாரம் வேண்டாம், பல்பு வேண்டாம்.

இந்த யோசனை புதிதல்ல. இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர், சாலையில் பதிக்கும் "பூனைக்கண்" கற்களுக்கு 1934-ம் ஆண்டிலேயே உரிமை பெற்றுவிட்டார்.

ஆனால் தாளுக்கும் வயது உண்டு. வெயிலில் அது காய்கிறது. தூசியும் புகையும் படிகின்றன. மரக்கிளை மறைக்கிறது. போதாக்குறைக்குச் சிலர் அதன்மேல் விளம்பர நோட்டீசும் ஒட்டுகிறார்கள்! எழுத்து அழியாமலே ஒளி மட்டும் செத்துவிடுகிறது. பகலில் பார்ப்பவருக்கு அது தெரியாது.

ஒரு விநாடியில் 22 மீட்டர்

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடும். கண் பார்த்து, மனம் முடிவு செய்து, கால் பிரேக்கை மிதிக்க இரண்டரை விநாடி என்பது சாலைப் பொறியாளர்களின் கணக்கு. அதற்குள் 55 மீட்டர் போய்விடும். பிறகுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கும். பாரம் ஏற்றிய லாரி நிற்க மேலும் தூரம் வேண்டும். தாழ்த்திய விளக்கோ ஏறக்குறைய 50 மீட்டர்தான் நன்றாகக் காட்டும். ஆகவே, பலகை வெகு தூரத்திலேயே கண்ணில் பட்டாக வேண்டும். வயதான டிரைவருக்கு இது இன்னும் அவசியம். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் சேர்வதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான்.

"தூக்கமும் குடியும் வேகமும் அல்லவா விபத்துக்குக் காரணம்? பலகையைக் குறை சொல்வானேன்?" என்று கேட்பார்கள். அவையும் காரணம்தான். ஆனால் தூங்காமல், குடிக்காமல், நிதானமாக ஓட்டுகிறவரையும் ஒளியற்ற பலகை ஏமாற்றிவிடுகிறதே! வண்டிக்காரர்களுக்கும் கடமை உண்டு. பின்பக்கம் சிவப்பு ஒளித்தகடு இருக்க வேண்டும் என்பது சட்டம். கரும்பையும் கிழங்கையும் ஏற்றி அதை மறைப்பது பெரும் தவறு.

செய்ய வேண்டியது என்ன?

சாலை அமைப்பிலோ பராமரிப்பிலோ விதியை மீறியதால் உயிர் போனாலோ, உடல் ஊனமானாலோ, பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடம் தருகிறது. நல்லதுதான். ஆனால் அது உயிர் போன பிறகு நடக்கும் காரியம். முன்னதாகச் செய்ய வேண்டியது சுலபமானது.

பலகைகளை இரவில் போய்ப் பார்க்க வேண்டும்! ஒளியை அளக்கக் கருவி உண்டு. கருவி இல்லாவிட்டாலும், ஒரு ஜீப்பும் இரண்டு கண்களும் போதும். தாழ்த்திய விளக்குடன் சேலத்திலிருந்து ஆத்தூர் வரை ஒரு நடை போய் வந்தால், எது பேசுகிறது, எது ஊமை என்று ஒரே இரவில் தெரிந்துவிடும். தூசி படிந்ததைக் கழுவலாம், கிளையை வெட்டலாம், ஒளி போனதை மாற்றலாம். தாள் ஒட்டிய தேதியைப் பலகையின் பின்புறம் எழுதி வைத்தால், அடுத்து வரும் அதிகாரிக்கும் உதவும்.

பொதுமக்களும் சும்மா இருக்க வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் குறை கண்டால் 1033 என்ற எண்ணுக்குச் சொல்லலாம்.

பலகையை நட்டவர்கள் பகலில் நட்டார்கள். அதை நம்பி வருகிறவர் இரவில் வருகிறார். அவர் வீட்டிலும் மனைவி மக்கள் காத்திருக்கிறார்கள். அதிகாரிகள் ஓர் இரவு தூக்கத்தை அவருக்காகத் தியாகம் செய்யக் கூடாதா?