கொடுத்தவரும் காத்தவரும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி காணப்படும் செய்தி ஒன்று உண்டு. இறைவன் திருமுன் ஒரு நந்தா விளக்கு இரவும் பகலும் எரிவதற்காக 96 ஆடுகள் அளிக்கப்பட்டன என்பதே அது. ஆடுகளைப் பெற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளந்தாக வேண்டும். மூத்த ஆடு கழியும். குட்டி அதன் இடத்தை நிரப்பும். எண்ணிக்கை மட்டும் குறையலாகாது. ஆகவேதான் கல்வெட்டுகள் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கின்றன. முதலைத் தொடாமல் அதன் பயனைக் கொண்டே அறம் நடத்துவது என்னும் இக்கால அறக்கட்டளை விதி, அன்றே அந்த மந்தைக்குள் அடங்கியிருந்தது.

முதல் இருந்தால் மட்டும் அறம் நிலைத்துவிடுமா? பச்சையப்ப முதலியாரின் வரலாறு இவ்வினாவுக்கு விடை கூறுகிறது.

தந்தையின் முகம் காணாமல் 1754-இல் பிறந்தவர் அவர். சென்னையில் துபாஷ் தொழிலில் உயர்ந்து, பெருஞ்செல்வம் ஈட்டினார். சிதம்பரம், காஞ்சிபுரம் உள்ளிட்ட தலங்களில் திருப்பணிகளும் பூஜைக் கட்டளைகளும் அவர் பெயரை இன்றும் நினைவூட்டுகின்றன. 1794-ஆம் ஆண்டு மார்ச் மாதம், நோய்வாய்ப்பட்டிருந்த நிலையில், தம் செல்வத்தை ஆலயப் பணிக்கும் அன்னதானம் முதலிய அறங்களுக்கும் உரித்தாக்கி உயில் எழுதினார். அதே மாதம் திருவையாற்றில் காவிரிக் கரையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 40.

கொடுத்தவரின் உள்ளத்தில் குறையில்லை. கொடுத்த பொருளிலும் குறையில்லை. ஆனால் காப்பவர் யார் என்பதில் குழப்பம் நேர்ந்தது. குடும்பத்தாருக்கும் பொறுப்பேற்றவர்களுக்கும் இடையே வழக்குகள் பல்லாண்டுகள் நீண்டன. அறத்துக்கென வைத்த பணம் நீதிமன்றப் படிகளில் காத்துக் கிடந்தது.

பின்னர், அரசு தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் முயற்சியாலும், சென்னை உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பாலும், அந்த நிதி மீட்கப்பட்டு, இந்துப் பெருமக்கள் அடங்கிய குழுவின் பொறுப்பில் வைக்கப்பட்டது. உயிலில் கண்ட ஆலயக் கட்டளைகளுக்குப் போதிய தொகையை ஒதுக்கிய பின்பும் வட்டி பெருகியிருந்தது. அந்த உபரி கல்விக்கு ஆயிற்று. 1842-இல் சென்னையில் பள்ளி பிறந்தது. அதுவே பின்னர் பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. கணித மேதை ராமானுஜனும், பிற்காலத்தில் முதலமைச்சரான அண்ணாதுரையும் அங்குப் பயின்றவர்களே. உயில் எழுதியவர் எண்ணியும் பாராத பயன் இது. எனினும் இடையே கழிந்த 48 ஆண்டுகளில், அந்தப் பொருளை நம்பியிருந்த அன்னமும் விளக்கும் என்னவாயின என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

இந்த அச்சம் நம் முன்னோர்க்கும் இருந்தது. அதனால்தான் சிவாலயக் கல்வெட்டுகள் பல, 'பன்மாகேசுவரர் இரட்சை' என்று, அறத்தை அடியார் கூட்டத்திடமே ஒப்படைத்து முடிகின்றன. இவ்வறத்தைக் காப்பவரின் திருவடி தம் தலைமேல் என்று எழுதிவைத்த கொடையாளரும் உண்டு. கொடுத்தவர் தம் தலையைத் தாழ்த்தியது, தம்மிடம் பெற்றவர்க்கன்று. தமக்குப் பின் காக்கப்போகிறவர்க்கு.

பெற்றோர் நினைவாக ஒரு நாள் அன்னதானத்துக்கு வைப்புநிதி வைக்கும் எளிய குடும்பத்துக்கும், பெருநிதி கொண்டு அறக்கட்டளை நிறுவும் செல்வக் குடும்பத்துக்கும் பாடம் ஒன்றே. பத்திரத்தில் தொகையை எழுதுமுன், காப்பவரின் பெயரை எழுதுக. அவருக்குப் பின் யார் என்பதையும் எழுதுக. ஆண்டுதோறும் கணக்கைப் பலர் கேட்கப் படிக்கச் செய்க. கணக்குக் கேட்பது ஐயமன்று, அதுவும் கைங்கரியமே.