பாட்டுக்கு யாசகம் என்று பெயர் வைத்தவர்கள்

அக்கரைப்பற்றில் புகையிரத நிலையம் கிடையாது. கோச்சி ஏறுவதென்றால் அறுபது கிலோமீற்றருக்கு மேல் போய் மட்டக்களப்பை அடைய வேண்டும். ஆனாலும் கோச்சிப் பாடகர்களை அறியாதவர் நம்மில் குறைவு. கண் பார்வையற்ற ஒருவர், கைபிடித்து வழிகாட்டும் துணையோடு பெட்டி பெட்டியாகப் பாடிச் செல்வதைக் கொழும்புப் பயணிகள் பலரும் கேட்டிருப்பர். 2018ஆம் ஆண்டு புகையிரதத் திணைக்களம் ரயில்களில் யாசகம் கேட்பதைத் தடைசெய்தது. 'யாசகம்' என்ற அந்த ஒற்றைச் சொல், வெறுங்கை நீட்டுபவரையும் பாட்டைத் தந்துவிட்டுக் கை நீட்டுபவரையும் ஒன்றாக்கிவிட்டது.

திணைக்களத்தைத் திட்டுவது இலகு. அதே சொல்லை நமது ஊர்களில் யார் பாவிக்கிறார்கள் என்பதே எனது கேள்வி.

நோன்பு மாதத்தில் சஹர் நேரத்தில் றபான் அடித்துத் தெருத்தெருவாகப் பாடி ஊரை எழுப்பிய பக்கீர் பாவாமார்தான் இக்கரையோரத்தின் தெருப் பாடகர்கள். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கும் கூரகலை ஜெய்லானிக் கந்தூரிக்கும் வந்து றாத்தீபு ஓதியவர்களும் அவர்களே. நாம் அவர்களுக்கு வைத்த பெயர் என்ன? ஒரு தரப்பார் 'பித்அத்' என்றார்கள். படித்த தரப்பார் 'சமூகத்துக்கு வெட்கக்கேடு' என்றார்கள். ஒருவரையொருவர் ஏற்காத இவ்விரு தரப்பாரும் பாவாவின் முன் கதவைச் சாத்துவதில் மட்டும் ஒற்றுமை கண்டார்கள்.

தர்கா, கந்தூரி பற்றிய விவாதத்தை உலமாக்கள் நடத்தட்டும். ஆனால் பாட்டையும் அந்த வழக்கில் பிரதிவாதியாக்குவது என்ன நியாயம்? பெருநாளிலும் திருமணத்திலும் தப் அடிக்க அனுமதி உண்டென்பதை ஹதீஸ் படித்தவர் அறிவர். பாவாவின் கையிலிருப்பதும் அதே இனத்தைச் சேர்ந்த தோற்கருவிதான்.

இலக்கியக்காரருக்கும் இதில் பங்குண்டு. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் தொன்மையை நிறுவ, 1572இல் தோன்றிய ஆயிர மசலாவை மேடைதோறும் முழங்குகிறோம். மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து என்று வடிவங்களை அடுக்குகிறோம். இவற்றில் பெரும்பாலானவை காதுக்காகப் பாடப்பட்டவை. எழுத்தறியாத வீடுகளின் வாசலுக்கு அவற்றையும் குணங்குடியாரையும் சுமந்து வந்தவர்களில் பாவாமாரும் அடங்குவர். நூலுக்கு ஆய்வரங்கு, பாடியவருக்கு அரிசிச் சுண்டு! இதுவா நமது மரபுப் பற்று?

அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து களஆய்வைத் தொடங்கினார். ஜெய்லானியையும் பாவாமாரையும் பற்றி எழுதினார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் நமது கிராமியக் கவிகளை ஊரூராய்த் திரட்டினார். தனி மனிதர் இவ்வளவு செய்ய முடியுமானால், விழா எடுக்கவும் பொன்னாடை போர்த்தவும் பணம் திரட்டத் தெரிந்த நமது அமைப்புகளுக்கு ஓர் ஒலிப்பதிவுக் கருவி எட்டாக் கனியா?

தெருப் பாட்டை ஒழுங்குபடுத்த முடியாது என்பாரும் உளர். நியூயோர்க்கின் சுரங்க ரயில் நிர்வாகம் 1985இலேயே நிலையங்களில் இசைஞருக்கு இடம் ஒதுக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. லண்டன் 2003இல் குரல் தேர்வு வைத்து அனுமதிப்பத்திரமும் குறித்த இடமும் வழங்கியது. பயணிக்கு இடைஞ்சலில்லை, பாடகருக்கு விரட்டலுமில்லை. மீன் பாடுவதைப் பெருமையாகச் சொல்லும் மட்டக்களப்பில், மனிதர் பாட நிலையத்தில் ஒரு மூலை ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

அதைக் கேட்கும் தகுதி முதலில் நமக்கு வேண்டும். அடுத்த இலக்கிய விழாவுக்கு ஒரு பாவாவை அழையுங்கள். வாசலில் நிறுத்தி வைக்காமல் மேடையில் கதிரை கொடுங்கள். பேச்சாளருக்குக் கொடுக்கும் அதே தொகையை உறையிலிட்டுக் கொடுங்கள். அவர் பாடுவதைப் பதிவுசெய்து, அவரது பெயரோடு வெளியிடுங்கள். இப்பாடல்களை மனனமாக அறிந்தோர் முதியவர்கள். அவர்களோடு மண்ணுக்குள் போகும் பாட்டை எந்த ஆய்வுக் கட்டுரையாலும் தோண்டியெடுக்க இயலாது.

கூலி கொடுத்தால் அது தொழில். கொடுக்க மனமில்லாதவர்தான் அதை யாசகம் என்கிறார்.